கரண்ட் போய்வரும் ஊரில் கன்டெய்னர் சர்வர்

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போய் மதியம் 2 மணிக்கு வரும் என்று ஊர்ப்பெயர்களோடு செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். அது சொல்லிவிட்டுப் போகிற கரண்ட். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து போவதும், ஐப்பசி இடிமழையில் டிரான்ஸ்பார்மர் போவதும் சொல்லாமல் போகிறவை. பாளையங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ வீட்டில் ஒரு சர்வர் வைத்து, குடும்பப் புகைப்படங்களையோ வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய இணையதளத்தின் சோதனைப் பதிப்பையோ ஓட்டுகிறவருக்கு, வேகம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். கரண்ட் வந்ததும், யாரும் கைவைக்காமல், எல்லாம் சரியாக எழுந்து நிற்குமா என்பதே முதல் கேள்வி.

ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு பொட்டலமாக்கித் தனியே ஓட்டும் டாக்கர், பாட்மேன் போன்ற கன்டெய்னர் கருவிகளும், சர்வரை அமைக்கும் வேலையைத் தானே செய்யும் ஆன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவிகளும் இதற்கு நல்ல விடை தருகின்றன. ஆனால் அவை பிறந்த இடம் தரவு மையம். அங்கே கரண்ட் போகாது, வேண்டிய சர்வருக்கு, இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய சொந்தப் பொது ஐபி முகவரி கிடைக்கும், தரைத்தளத்தில் ஆற்றுவெள்ளம் புகாது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இதை எல்லாம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் பக்கத்தில் எங்கே இடறும், ஏன் இடறும் என்பதைப் பார்ப்போம்.

எது போனால் போகட்டும், எது போகக் கூடாது

கன்டெய்னர் என்பது தனிக் கணினி அல்ல. சர்வரின் லினக்ஸ் கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே, ஓடும் சாதாரண நிரல்தான். மற்ற நிரல்கள், கோப்புகள், நெட்வொர்க் எதுவும் அதன் கண்ணில் படாதபடி கெர்னல் மறைத்துவைக்கிறது. நேம்ஸ்பேஸ் என்ற வசதி மறைப்பு வேலையைச் செய்கிறது. சிகுரூப் என்ற வசதி இவ்வளவு நினைவகம், இவ்வளவு சிபியு என்று வரம்பு போடுகிறது. ஒரு நிரலுக்குத் தனி வேர் அடைவைக் காட்டும் சிரூட் 1979-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. 2013-ல் வெளிவந்த டாக்கர், இந்தப் பழைய வசதிகளை இமேஜ் என்ற பொட்டலத்தோடு சேர்த்து, ஒரு கட்டளையில் இறக்கி ஓட்டும்படி செய்தது. மெய்நிகர் கணினியைப் போல ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம் ஏற்ற வேண்டாம் என்பதால், 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மினி பிசியிலும் பத்துப் பன்னிரண்டு கன்டெய்னர்களைச் சிரமமில்லாமல் ஓட்டலாம்.

இமேஜ் மாறாதது, அடுக்கடுக்கான, படிக்க மட்டுமான கோப்புகள். கன்டெய்னர் ஓடும்போது அதன் மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கு ஒன்று விரிக்கப்படும். கன்டெய்னரை நீக்கினால் அந்த அடுக்கும் போய்விடும். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த அண்டா மாதிரி: வேலை முடிந்ததும் திரும்பிப் போகும், நாளைக்கு வேறொன்று வரும், அதற்குள் யாரும் நகையைப் போட்டுவைப்பதில்லை. நம்முடையது இரண்டே இரண்டு. எந்த இமேஜ், எந்தப் போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்), எந்த அமைப்பு என்று டாக்கரின் கம்போஸ் கருவிக்கு எழுதிவைத்த கம்போஸ் கோப்பு ஒன்று. கன்டெய்னருக்கு வெளியே டிஸ்கில் தனியாக வைக்கும் வால்யூமில் இருக்கும் தரவு மற்றொன்று. கம்போஸ் கோப்பு சில கிலோபைட்டுகள்தான், அதைக் கிட் என்ற, திருத்தங்களைப் பதிவுசெய்யும் கருவியில் போட்டு வையுங்கள். தரவுக்குப் பேக்கப் வேண்டும். இமேஜுக்குப் பேக்கப் தேவையில்லை, எப்போதும் இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டு சர்வரில் தரவு போகும் விபத்துகளில் பெரும்பங்கு இந்தப் பிரிவினையைக் குழப்புவதால் வருபவை. கன்டெய்னருக்குள் நுழைந்து ஒரு அமைப்புக் கோப்பைத் திருத்துவார்கள்; ஆறு மாதம் ஓடும்; புதிய இமேஜ் இறக்கியதும் திருத்தம் காணாமல் போகும். கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் கம்போஸ் டவுன் கட்டளையோடு மைனஸ் வி சேர்த்தால் கன்டெய்னரோடு பெயரிட்ட வால்யூம்களும் அழியும், எச்சரிக்கைக் கேள்வி ஏதும் வராது. இணையத்தில் எதற்கெடுத்தாலும் ‘மைனஸ் வி போட்டுப் பாருங்கள்’ என்பார்கள். சோதனை லேப்டாப்பில் பரவாயில்லை. புகைப்படம் இருக்கும் சர்வரில் அந்த இரண்டு எழுத்தைத் தட்டவே கூடாது.

பெட்டியும் மின்சாரமும்

வீட்டு சர்வருக்கு இன்று மிகப் பொருத்தமானவை, அலுவலகங்களில் கழித்துவிட்ட மினி பிசிகள். 35 வாட் வகை ஐ5 சிப், 8 அல்லது 16 ஜிபி நினைவகம், ஓர் எஸ்எஸ்டி. சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 10 வாட்தான் இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் 14.4 யூனிட். மூலையில் கிடக்கிறதே என்று பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி எடுத்தால் அது 80 வாட் இழுக்கலாம். இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பங்கை அது ஒன்றே தின்றுவிடும். ராஸ்பெர்ரி பை இன்னும் சிக்கனம்தான். ஆனால் எஸ்டி கார்டில் தரவுத்தளம் ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதை எஸ்டி கார்டு தாங்காது. பை 4-ல் கரண்ட் இல்லாதபோது மணி காட்டும் கடிகாரமும் கிடையாது. எழுந்ததும் இணையம் வரும்வரை தேதி பழையதாகவே இருக்கும், அதுவரை எச்டிடிபிஎஸ் இணைப்புகள் சான்றிதழ் செல்லாது என்று தோற்கும். பழைய மினி பிசியிலும் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் இதே கதைதான். பேட்டரியை வாங்கியவுடனே மாற்றிவிடுவது மலிவு.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் நுழைந்து, மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத் தேடி ‘பவர் ஆன்’ என்று வைப்பது. பல கணினிகளில் இது அணைந்தே இருக்கும்படிதான் வரும். இதை விட்டால் மற்ற எல்லாத் தானியக்கமும் வீண், பட்டனை அழுத்த ஓர் ஆள் வேண்டும்.

12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டரில் 1,800 வாட் மணி இருப்பதாகக் கணக்கு, பாதியைத்தான் நம்பலாம். சர்வரும் ஃபைபர் மோடமும் ரூட்டரும் சேர்ந்து 35 வாட் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு 175 வாட் மணி போதும். பேட்டரியைக் காலி செய்வது மின்விசிறிகள்தான்; பழைய விசிறி ஒன்றே 75 வாட். ஆகவே சர்வரை இன்வெர்ட்டர் லைனில் போடத் தயங்க வேண்டாம். ஆனால் மாறும் நேரத்தைக் கவனியுங்கள். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண மோடில் இருந்தால் மாறும் அந்த நொடித்துளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும், ‘இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் அணைந்தது’ என்று குழம்ப வேண்டிவரும்.

யூஎஸ்பி கேபிள் உள்ள சிறு யூபிஎஸ் என்றால், நட் என்ற நிரலைப் போட்டு, பேட்டரி தீரும்முன் சர்வரை ஒழுங்காக அணைக்கலாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் சர்வரோடு பேசாது. இன்வெர்ட்டரில் சேராத பிளக்கில் ஒரு வைஃபை ஸ்மார்ட் பிளக்கை மாட்டி, அது நெட்வொர்க்கில் தெரியாமல் போனால் கரண்ட் இல்லை என்று ஊகிப்பது ஒரு தந்திரம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இன்வெர்ட்டர் தாக்குப்பிடித்துவிட்டால் சர்வரின் பிளக்கில் மின்சாரம் அறுபடவே இல்லை. நீங்கள் முன்னெச்சரிக்கையாக அணைத்த பெட்டி, கரண்ட் வந்தாலும் தானாக எழாது. அதனால் அரை மணி நேரத்தில் அணைக்காமல், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒருமுறை அளந்து, அதன் இறுதிப் பகுதியில் அணைப்பதே சரி.

எழுந்த பிறகு நடப்பது

சர்வர் ஒரு நிமிடத்துக்குள் எழும். ஃபைபர் மோடமும் ரூட்டரும் இணைப்பைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பல கோளாறுகள்.

கம்போஸ் கோப்பில் ‘டிபெண்ட்ஸ் ஆன்’ எழுதி, தரவுத்தளம் தயாரான பிறகே செயலி தொடங்க வேண்டும் என்று வரிசை வைத்திருப்பீர்கள். கம்போஸ் அப் கட்டளையை நீங்கள் கொடுக்கும்போது அந்த வரிசை நடக்கும். பெட்டி ரீபூட் ஆகும்போது கன்டெய்னர்களை எழுப்புவது கம்போஸ் அல்ல, டாக்கரின் பின்னணிச் சேவை. அதற்கு உங்கள் வரிசை தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுப்பும். தரவுத்தளம் தயாராவதற்கு முன் செயலி இணைய முயன்று சாகும். ரீஸ்டார்ட் அமைப்பில் ‘அன்லெஸ் ஸ்டாப்டு’ என்று வைத்திருந்தால் மறுபடி எழுப்பப்படும். இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் நிமிடத்துக்கு ஒருமுறை முயலும். ஆகவே தரவுத்தளம் இல்லையென்றால் உடனே செத்துப்போகும் செயலி நல்ல செயலி. சாகாமல், இணைப்பும் இல்லாமல், ஓடுவதுபோலப் பாவனை காட்டி நிற்கும் செயலிதான் தொல்லை. ஹெல்த்செக் வைத்தால் அது சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டாக்கர் தனியாக ஓடும்போது ஹெல்த்செக் தோற்றால் ‘நலமில்லை’ என்று குறித்துவைக்குமே தவிர எழுப்பாது.

இதைவிடக் கிலி தரும் கோளாறு ஒன்று. புகைப்படங்கள் எல்லாம் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. கரண்ட் வந்ததும் டிஸ்க் சுழன்று, மவுன்ட் ஆவதற்கு, அதாவது ஓர் அடைவாக இணைக்கப்படுவதற்கு, முன் டாக்கர் எழுந்துவிடுகிறது. டிஸ்க் மவுன்ட் ஆக வேண்டிய அடைவு காலியாக இருக்கிறது. அதையே கன்டெய்னருக்குக் கொடுத்துவிடுகிறது. புகைப்படங்களைக் காட்டும் நெக்ஸ்ட்கிளவுட் செயலியைத் திறந்தால் ‘வாருங்கள், புதிய கணக்கு தொடங்குங்கள்’ என்று வரவேற்கிறது. தரவு போகவில்லை, டிஸ்கில் அப்படியே இருக்கிறது. ஆனால் பதறிப்போய் அங்கேயே புதிதாக நிறுவினால்தான் உண்மையான சிக்கல் தொடங்கும்.

தீர்வு இரண்டு அடுக்கு. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்துவது சிஸ்டம்டி. டாக்கர் சேவையின் சிஸ்டம்டி அமைப்பில் ‘ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்’ என்று டிஸ்கின் பாதையைக் குறித்தால், டிஸ்க் மவுன்ட் ஆகாமல் டாக்கர் தொடங்காது. அடுத்து, டிஸ்கின் வேர் அடைவைக் கன்டெய்னருக்குக் கொடுக்காமல், டிஸ்குக்குள் ‘தரவு’ என்று ஓர் உள் அடைவு உருவாக்கி அதைக் கொடுங்கள். கம்போஸில் இப்படி அடைவைக் கொடுக்கும் பைண்ட் மவுன்டை விரிவான வடிவில் எழுதி, அடைவு இல்லையென்றால் உருவாக்காதே என்று சொல்லுங்கள். டிஸ்க் இல்லாதபோது அந்த உள் அடைவும் இருக்காது. கன்டெய்னர் பிழை சொல்லி நிற்கும். பிழை சொல்லி நிற்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

வெளியிலிருந்து வீட்டுக்கு வருவது

வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிட ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து பார்த்து, ஒன்றும் நடக்காமல் சோர்ந்தவர்கள் ரூட்டரின் ‘வான்’ முகவரியை, அதாவது இணைப்புத் தருபவர் ரூட்டருக்குக் கொடுத்த முகவரியை, பார்க்க வேண்டும். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் சிஜிநாட்டின் பின்னால் இருக்கிறீர்கள்: ஒரே பொது ஐபிவி4 முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, வெளியிலிருந்து வரும் இணைப்பு யார் வீட்டுக்கு என்று அதற்குத் தெரியாது. வீட்டு இணைப்புகளில் இது இப்போது சாதாரணம். ஃபைபர் இணைப்புத் தருபவரிடம் கூடுதல் கட்டணத்துக்கு நிலையான ஐபி கேட்கலாம். அது வேண்டாமென்றால், வீட்டிலிருந்தே வெளியே இணைப்பைத் தொடங்கும் வழிகள் இருக்கின்றன. குடும்பத்தார் மட்டும் பார்த்தால் போதுமென்றால் வயர்கார்டு அடிப்படையிலான தனிப்பட்ட நெட்வொர்க் (விபிஎன்) சேவையான டெயில்ஸ்கேல். ஊரார் பார்க்கும் இணையதளம் என்றால் கிளவுட்ஃபிளேர் டனல். சிஜிநாட்டின் பின்னால் 80-ஆம் போர்ட் திறக்காது என்பதால், எச்டிடிபிஎஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை டிஎன்எஸ் பதிவு வழியாகச் சரிபார்க்கும் முறையில் வாங்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு பக்கவிளைவும் உண்டு. இமேஜ்களை இறக்கும் பொதுக் களஞ்சியமான டாக்கர் ஹப், உள்நுழையாதவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 இமேஜ் என்று வரம்பு வைத்திருக்கிறது. முகவரியைப் பகிரும் மற்ற வீடுகளில் யாரோ இறக்கினாலும் அதே வரம்பிலிருந்துதான் கழியும். நீங்கள் அன்று ஒன்றுமே இறக்காமல் ‘அதிகமான கோரிக்கைகள்’ என்ற பிழை வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி டாக்கர் லாகின் செய்துவிட்டால் வரம்பு முகவரிக்கு அல்ல, உங்கள் கணக்குக்கு.

சிஜிநாட் இருக்கிறதே, வெளியிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று அசட்டையாக இருப்பதும் தவறு. அதே இணைப்பில் ஐபிவி6 பொது முகவரியும் வந்துகொண்டிருக்கலாம். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது ஃபயர்வால் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் நீங்கள் மூடிய கதவை அது பொருட்படுத்தாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 5432:5432 என்று எழுதாமல் 127.0.0.1:5432:5432 என்று எழுதினால் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே தெரியும். இன்னும் நல்லது, போர்ட் வரியையே எடுத்துவிடுவது. ஒரே கம்போஸில் இருக்கும் கன்டெய்னர்கள் சேவைப் பெயரைச் சொல்லியே ஒன்றையொன்று அடையும்.

லேப்டாப்பில் எழுதுவோருக்கு

இணையதளம் செய்து கொடுப்போருக்குக் கன்டெய்னரின் முதல் பயன், ஒரே லேப்டாப்பில் பழைய வாடிக்கையாளரின் பிஎச்பி 7.4 தளமும் புதியவரின் பிஎச்பி 8 தளமும் சண்டையில்லாமல் ஓடுவது. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. ஆனால் கடைக்காரர் மாற்றமாட்டேன் என்கிறார், என்ன செய்வது!

விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு இடத்தில் தடுக்கும். திட்டக் கோப்புகளை சி டிரைவில் வைத்து, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டினால் பக்கம் திறக்கவே நொடிகள் ஆகும். லினக்ஸ் பக்கத்து ஹோம் அடைவில் வைத்தால் அந்தத் தாமதம் மறைந்துவிடும். இரண்டாவது, விண்டோஸ் எடிட்டரில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட். கோப்பு கண் முன்னே இருக்கும், ஆனால் கன்டெய்னர் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று செத்துப்போகும். வரி முடிவில் விண்டோஸ் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத குறியீடு முதல் வரியில் உள்ள நிரல் பெயரோடு ஒட்டிக்கொள்வதே காரணம். இல்லை என்று சொல்லப்படுவது ஸ்கிரிப்ட் அல்ல, அந்த நிரல். எடிட்டரில் வரி முடிவை எல்எஃப் என்று மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

இமேஜ் கட்டும்போது செயலிக்கு வேண்டிய வெளி நூலகங்களின் பட்டியல் கோப்பை முதலில் நகலெடுத்து, நிறுவலை முடித்து, அதன் பிறகே மூல நிரலை நகலெடுங்கள். ஒரு வரி திருத்தியதற்கு நிறுவல் முழுவதும் மறுபடி ஓடாது. மாத டேட்டாவும் மிஞ்சும். கன்டெய்னர் செத்து, வெளியேறும் எண் 137 வந்தால் பெரும்பாலும் நினைவகம் பற்றாமல் கெர்னல் கொன்றிருக்கிறது என்று பொருள். இன்டெல் லேப்டாப்பில் கட்டிய இமேஜ் ராஸ்பெர்ரி பையில் ‘எக்ஸெக் ஃபார்மேட்’ பிழை தந்தால், சிப் வகை வேறு. ஏஆர்எம்64-க்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

ஐந்து பக்கம் உள்ள அல்வாக் கடை இணையதளத்துக்குக் கன்டெய்னர் வேண்டாம். நிலையான கோப்புகளாக்கி ஏதாவது இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் ஒரே பெட்டி வைத்துக்கொண்டு பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் ஓட்டுவது கற்றுக்கொள்ளத்தான்.

தானாக நடக்க வேண்டியவை

இரவு 2 மணிக்குப் பேக்கப் என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுதிவைத்தால், 2 மணிக்குப் பெட்டி அணைந்திருந்த இரவில் பேக்கப் இல்லை. கிரான் தவறவிட்டதைத் திரும்பிப் பார்க்காது. சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதை ஆம் என்று வைத்தால் பெட்டி எழுந்ததும் விட்டுப்போனதை முடிக்கும். கிரான் கன்டெய்னருக்குள் ஓடினால் இன்னொன்றும் உண்டு: பல இமேஜ்களில் நேரம் யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இரவு 2 என்று நினைத்தது காலை 7.30-க்கு, வீடே இணையத்தில் இருக்கும்போது ஓடும்.

ஆன்சிபிளுக்குச் சர்வரில் தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச்சும், பைத்தானும் இருந்தால் போதும். ‘இப்படிச் செய்’ என்று சொல்லாமல் ‘இப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதுவது அதன் முறை. ஏற்கெனவே அப்படி இருந்தால் தொடாது. இப்படி எழுதிய கோப்பான பிளேபுக்கை இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். ‘மாற்றம் 0’ என்று வர வேண்டும். வரவில்லையென்றால், எங்கோ ஷெல் மாட்யூலில் கட்டளையைக் குறுக்குவழியாகத் திணித்திருக்கிறீர்கள்.

பதிவுக் கோப்பும் கவனிப்பு கேட்கும். டாக்கரின் வழக்கமான லாக் முறைக்கு அளவு வரம்பு கிடையாது. ஒரு செயலி நாள் முழுக்கப் புலம்பினால் எஸ்எஸ்டி நிரம்பி மற்றவை எல்லாம் நிற்கும். ஒரு கோப்பு 10 எம்பி, அதிகபட்சம் 3 கோப்பு என்று டாக்கர் அமைப்பில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னர்களை நீக்கி மறுபடி உருவாக்கினால்தான் அது செல்லுபடியாகும்.

இமேஜ்களைத் தானாகப் புதுப்பிக்கும் கருவிகளைத் தரவுத்தளத்தின் பக்கம் விடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் 16 எழுதிய தரவை 17 அப்படியே திறக்காது. பதிப்பு எண் இடத்தில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதி, புதுப்பிப்பைத் தானியங்கியிடம் விட்டவர், ஒரு நாள் காலையில் தரவுத்தளம் எழ மறுப்பதைப் பார்ப்பார். நெக்ஸ்ட்கிளவுடும் ஒரு பெரிய பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போக விடாது. பதிப்பு எண்ணை எழுதி, கையால் ஏற்றுங்கள்.

பேக்கப் வேறு வீட்டில்

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகமும் நீரில் நின்றன. தரைத்தளத்தில் சர்வரும், அதன் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்கும் வைப்பது எதற்கும் உதவாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். சர்வர் இடுப்பளவுக்கு மேலே அலமாரியில் இருக்கட்டும். ஒரு பிரதி வேறு ஊரில், அண்ணன் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

ஓடும் தரவுத்தளத்தின் கோப்புகளை நேரடியாக நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கும். பிஜி டம்ப் போன்ற கருவியால் முதலில் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பையும் புகைப்பட அடைவையும் கம்போஸ் கோப்பையும் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் அனுப்புங்கள். ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டியே சேமிக்கும். கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அதைச் சர்வரிலேயே மட்டும் வைத்திருந்தால் சர்வரோடு அதுவும் போகும். ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு லேப்டாப்பில் லினக்ஸும் டாக்கரும் மட்டும் போட்டு, பழைய சர்வரைத் தொடாமல், அந்தத் தாளையும் பேக்கப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுப்பிப் பாருங்கள். முதல்முறை செய்யும்போது பெரும்பாலும் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும்: சூழல் மாறிகள் இருந்த புள்ளி என்வி கோப்பு, டனலின் சாவி, அல்லது கோப்புகளின் உரிமையாளர் எண் மாறிப்போய் ‘அனுமதி இல்லை’ என்ற பிழை. விடுபட்டதைப் பேக்கப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள்.